விலை சிராங்கூனில், செலவு சென்னையில்

கேள்வி

சிராங்கூன் சாலைக்குப் பின்புறம் ஒரு வீவக வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கணவர் எம்ப்ளாய்மெண்ட் பாஸில் வந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது. இப்போது அவருக்குத் திருச்சியில் நல்ல வேலை அமைந்திருக்கிறது. மகளை ஜூன் மாதம் அங்கே பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதால் மே மாதத்தில் ஊருக்கே திரும்புகிறோம். அவர் மாதத் தொடக்கத்திலேயே போய்விடுவார். நானும் பிள்ளைகளும் மாதக் கடைசியில் போவோம்.

சாமான்களை அனுப்ப மூன்று இடங்களில் கேட்டேன். ஒரு பெரிய மூவர்ஸ் நிறுவனம் ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு 14 கன மீட்டர் என்றது. இன்னொருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பார்த்தே 9 கன மீட்டர் என்றார். அவர் கேட்பது முதல் நிறுவனம் கேட்பதில் பாதி. எங்கள் தெருமுனைக் கார்கோ கடைக்காரர், “பெட்டி பெட்டியா போட்டுடலாம் அக்கா, திருச்சி வீட்டு வாசல்ல இறக்கிடுவோம்” என்கிறார். கணவருக்குப் பாதி விலைக்காரர்தான் பிடித்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

சாமான்களை என் பெயரில் அனுப்பலாமா? போன வருடம் பிரசவத்துக்கு அம்மா வீட்டில் ஏழு மாதம் இருந்துவிட்டு வந்தேன், அது இதைப் பாதிக்குமா? பெரிய டிவி, சோபா, கிரைண்டர், தேக்கு பூஜை அலமாரி, கேஸ் அடுப்பு இவற்றில் எதைக் கொண்டுபோவது, எதை விடுவது?

வாசகி, சிராங்கூன்

பதில்

சகோதரி, முதலில் இரண்டு நேரடி பதில்கள். சாமான்கள் கணவர் பெயரிலேயே போகட்டும். பாதி விலைக்காரருக்கு முன்பணம் எதுவும் இப்போது கொடுக்க வேண்டாம். அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. அவர் சொன்னது பாதி வழிக்கான விலையாக இருக்கலாம் என்பதுதான் என் சந்தேகம்.

இந்தத் தொழிலில் சிங்கப்பூர்ப் பக்கத்து வேலை சுலபம். ஆட்கள் வந்து கட்டுவார்கள், லாரி வரும், கிடங்குக்குப் போகும், கப்பலேறும். நேராகப் போகும் கப்பல் என்றால் சென்னைக்கு ஒரு வாரம்கூட ஆகாது. சிக்கல் எல்லாம் அதற்குப் பிறகுதான். உங்கள் சாமான் ஒரு முழுக் கொள்கலனை நிரப்பாது. 20 அடிக் கொள்கலனின் உள் அளவு சுமார் 33 கன மீட்டர். வீட்டுச் சாமானைக் கட்டி அடுக்கினால் 25 முதல் 28 வரை ஏற்றலாம். உங்களுடையது அதில் பாதிதான் என்பதால் மற்றவர்களின் சரக்கோடு சேர்ந்து பகிர்வுக் கொள்கலனில் போகும். தொழிலில் இதை எல்சிஎல் என்பார்கள்.

எல்சிஎல் வியாபாரத்தில் ஒரு பழைய தந்திரம் உண்டு. ஏற்றும் ஊரில் கப்பல் கூலியை அடிமாட்டு விலைக்குச் சொல்வார்கள். சில வழித்தடங்களில் கூலியே இல்லை என்றுகூடச் சொல்வார்கள். விட்டதை இறக்கும் ஊரில் பிடிப்பார்கள். சென்னையில் கொள்கலனைப் பிரிக்கும் சரக்கு நிலையத்தின் கட்டணம், துறைமுகக் கையாளும் கூலி, டெலிவரி ஆர்டர் என்ற ஒரு காகிதத்துக்கான கட்டணம், சுங்க ஏஜெண்டின் கூலி, பரிசோதனைக்குப் பெட்டியைப் பிரித்து மறுபடி கட்டும் ஆள்கூலி என்று வரிசையாக வரும். உங்கள் சாமான் அவர்கள் கிடங்கில் இருக்கும்போது பேரம் பேச உங்களிடம் என்ன பலம் இருக்கிறது? பேசும் ஒவ்வொரு நாளுக்கும் கிடங்கு வாடகை ஏறிக்கொண்டிருக்கும்.

ஆகவே மூன்று பேரிடமும் ஒரே கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: “திருச்சியில் எங்கள் வீட்டுக்குள் சாமானை வைத்து, அட்டைப் பெட்டிக் குப்பையை எடுத்துப்போகும் வரைக்கும் மொத்தத் தொகை என்ன? சுங்க வரி நீங்கலாக நான் இந்தியாவில் ஒரு ரூபாயாவது தர வேண்டியிருக்குமா?” வாய்வார்த்தையாக “டோர் டு டோர்தான்” என்பவர், கொட்டேஷனில் “இறங்கும் துறைமுகக் கட்டணங்கள் உள்ளபடி” என்று சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்திருப்பார். அந்த வரி இருந்தால் கொட்டேஷன் முடியவில்லை என்று பொருள். சென்னையில் அவர்களுக்காக வேலை செய்யப்போகும் ஏஜெண்டின் பெயரையும் வாங்கி, அவர்களுக்கு நீங்களே போன் போட்டு “சிங்கப்பூரிலிருந்து வீட்டுச் சாமான், இன்னார் மூலம் வருகிறது” என்று சொல்லிப் பாருங்கள். இன்னார் யார் என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஃபிடி, ஐஏஎம் போன்ற உலக மூவர்ஸ் அமைப்புகளில் இரு ஊர்க்காரர்களும் உறுப்பினர்களாக இருந்தால் நல்லது. தகராறு வந்தால் முறையிட ஒரு இடம் இருக்கும்.

இனி 14-க்கும் 9-க்கும் வருவோம். பில் போடுவது கட்டிய பிறகு கிடங்கில் அளக்கும் அளவுக்குத்தான். படத்தில் பார்த்த அளவுக்கு யாரும் பில் போடுவதில்லை. நீங்களே ஒரு மாலைப் பொழுதில் கணக்குப் போடலாம். 60-க்கு 45-க்கு 45 சென்டிமீட்டர் அட்டைப் பெட்டி எட்டு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கன மீட்டர். உங்கள் சமையலறைச் சாமானே பதினைந்து பெட்டி வரலாம், அதுவே கிட்டத்தட்ட இரண்டு கன மீட்டர். மூன்று பேர் உட்காரும் சோபா கட்டுமானத்தோடு ஒன்று, ஒன்றரை பிடிக்கும். அலமாரி, கட்டில், மெத்தை, குழந்தையின் தொட்டில் எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து கூட்டுங்கள். 12-க்கு மேல் வந்தால் 9 என்றவர் பிறகு “அளவு கூடிவிட்டது” என்று சொல்வதற்கு இப்போதே இடம் போட்டு வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து பார்த்தவரிடம் “இந்த அளவுக்கு மேல் போனாலும் தொகை மாறாது” என்று எழுதி வாங்க முடியும். படம் பார்த்தவர் எழுதித் தருவது சந்தேகம்.

கார்கோ கடையைக் குறைவாக நினைக்க வேண்டாம். ஊருக்குப் பெட்டி அனுப்பும் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் தேக்காவில் நம்பிப் போகும் கடைகள் அவை. உடுப்பு, பாத்திரம், பொம்மை என்றால் ஊர் வாசல்வரை ஒழுங்காகப் போய்ச் சேர்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களிடம் ஒன்று கேட்டாக வேண்டும்: “என் கணவர் பெயருக்குத் தனியாகப் பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்குச் சீட்டு வருமா?” பலருடைய பெட்டிகளோடு வேறொருவர் பெயரில் கலந்து போனால், கீழே சொல்லப்போகும் குடிபெயர்வுச் சலுகையை உங்களால் கேட்கவே முடியாது. அலமாரியும் சோபாவும் அவர்களுக்குப் பழக்கமான சரக்கும் இல்லை. விமானத்தில் அனுப்பலாம் என்று யோசித்தால், அங்கே எடை, இடம் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்: நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்து வருவதைக் கிலோவாகக் கொள்வார்கள். மேலே சொன்ன பெட்டியில் தலையணைகளை மட்டும் அடைத்தாலும் 20 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும்.

இப்போது பெயர் விஷயம். இதில்தான் பல குடும்பங்கள் இடறுகின்றன.

அந்தக் காலத்தில் ஊருக்குத் திரும்புகிறவரும் அவருடைய டிரங்குப் பெட்டியும் ஒரே கப்பலில் போனார்கள். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் பல பத்தாண்டுகள் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அதற்குப் பின் வந்த சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்த பிறகு அந்தப் பயணிகள் சேவையே நின்றுபோனது. இன்று நீங்கள் மூன்றே முக்கால், நான்கு மணி நேரத்தில் திருச்சியில் இறங்கிவிடுவீர்கள், சாமான் வாரக்கணக்கில் பின்னால் வரும். சுங்கத் துறையின் கணக்கில் இது “உடன் வராத பயணச் சாமான்”. யாருடைய பயணம் என்று அவர்கள் கேட்பார்கள். அந்த ஒருவரின் பாஸ்போர்ட்டை வைத்துத்தான் எல்லாம் நடக்கும்.

இந்தியாவின் 2016-ஆம் ஆண்டுப் பயணச் சாமான் விதிகளில், வெளிநாட்டில் தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது இருந்துவிட்டுக் குடிபெயர்ந்து வருபவருக்கு 5 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான வீட்டுச் சாமானுக்கு வரி இல்லை என்று வைத்தார்கள். இந்த உச்சவரம்பை அரசு மாற்றுவதுண்டு. கப்பலேற்றும் மாதத்தில் இந்தியச் சுங்க வாரியத்தின் தளத்தில் அன்றைய தொகையையும் நிபந்தனைகளையும் பார்த்துவிடுங்கள். இந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை, கடந்த இரண்டு ஆண்டுகளில் இந்தியாவுக்கு வந்து தங்கிய நாட்கள் எல்லாம் சேர்ந்து ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது என்பது. கடந்த மூன்று ஆண்டுகளில் இதே சலுகையை வாங்கியிருக்கவும் கூடாது.

உங்கள் ஏழு மாதப் பிரசவ விடுப்பு இங்கேதான் இடிக்கிறது. தகுந்த காரணம் இருந்தால் சுங்க ஆணையர் அதைப் பொறுத்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது; பிரசவம் தகுந்த காரணம்தான். ஆனால் அது அதிகாரியின் மனம் சார்ந்தது, மனு, மருத்துவச் சான்று, அலைச்சல் என்று போகும். கைக்குழந்தையோடு அந்த அலைச்சல் எதற்கு? கணவரின் பாஸ்போர்ட்டில் இந்தியக் குடிநுழைவு முத்திரைகளை எண்ணிப் பாருங்கள். அவர் வருடம் ஒரு தீபாவளி, ஒரு கல்யாணம் என்று போய்வந்தவராக இருந்தால் எந்தச் சிக்கலும் இராது. இடையில் பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் பழையதும் கையில் இருக்க வேண்டும்.

பில் ஆஃப் லேடிங்கில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும். நம்மவர்களுக்கு இது தனித் தலைவலி. வீட்டில் ஒரு பெயர், அலுவலகத்தில் முன்னெழுத்தோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் நீண்டு ஒரு பெயர். மூவர்ஸ் நிறுவன எழுத்தர் உங்கள் வாட்ஸ்அப் பெயரைப் போட்டுவிட்டால், அதைத் திருத்துவதற்குக் கப்பல் நிறுவனம் தனியாகப் பணம் கேட்கும். அச்சடிப்பதற்கு முன் வரைவை அனுப்பச் சொல்லுங்கள்.

தேதிகளை இப்படிப் பொருத்துங்கள். விதிப்படி சாமான் உரிமையாளருக்கு இரண்டு மாதம் முன்னாலேயே இந்தியாவில் வந்து இறங்கலாம்; அவர் வந்த பிறகு அனுப்புவதானால் ஒரு மாதத்துக்குள் கப்பலேற்ற வேண்டும். ஆனால் முன்னதாக வந்த சாமானைக் கணவர் இந்தியா வரும் முன் விடுவிக்க முடியாது, கிடங்கு வாடகை மட்டும் ஓடும். சுங்கத்தில் அவருடைய அசல் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள், பெரும்பாலும் அவரையும் நேரில் வரச் சொல்வார்கள். புது வேலையில் சேர்ந்த கையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒன்றிரண்டு நாள் விடுப்பு கேட்க வேண்டியிருக்கும். இதைப் புது முதலாளியிடம் இப்போதே சொல்லிவைப்பது நல்லது. அந்த வாரங்களில் வெளிநாட்டு அலுவலகப் பயணம் எதையும் அவர் ஒத்துக்கொள்ளக் கூடாது.

அவர் பாஸ் ரத்தானதும் அதைச் சார்ந்த உங்கள் பாஸும் ரத்தாகும்; பொதுவாக 30 நாள் தங்கும் அனுமதி தருவார்கள். அதனால் அவர் மே தொடக்கத்தில் போய் நீங்கள் கடைசியில் போவது நடக்கக்கூடியதுதான், ஆனால் அதற்கு மேல் இழுக்க இடம் இல்லை. நீங்கள் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பாவது சாமான் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். வீட்டுக்காரரிடம் முன்பணத்தைத் திருப்பி வாங்கவும் சுவரில் ஆணி அடித்த தடயத்தைப் பூசவும் அந்த வாரம் வேண்டும்.

பணத்திலும் ஒன்று கவனியுங்கள். வேலையை விட்டு நாட்டை விட்டுப் போகும் வெளிநாட்டு ஊழியருக்காக நிறுவனம் ஐஆர்21 என்ற வரிப் படிவத்தைக் கடைசி வேலை நாளுக்கு ஒரு மாதம் முன்பே வருமான வரி ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். வரிக் கணக்கு முடியும்வரை கடைசிச் சம்பளத்தையும் மற்ற பாக்கியையும் பிடித்து வைத்திருப்பார்கள். அந்தச் சம்பளத்தை நம்பி மூவர்ஸ் பில்லுக்குத் தேதி குறிக்காதீர்கள்.

பணம் கட்டும் முன், நிறுவனத்தின் பதிவு எண்ணை நிறுவனப் பதிவு ஆணையமான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் போட்டுப் பாருங்கள். பேநவ் கணக்கு அதே நிறுவனப் பெயரில் வர வேண்டும். யாரோ ஒருவரின் கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அத்தோடு விட்டுவிடுங்கள். தகராறு என்றால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் இருக்கிறது. ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரைபியூனலில் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை இரண்டு ஆண்டுகளுக்குள் கொண்டுபோகலாம், வக்கீல் தேவையில்லை. ஆனால் அந்த மன்றம் சிங்கப்பூர் நிறுவனத்தைத்தான் கேள்வி கேட்கும். சென்னை ஏஜெண்ட் தனியாகப் பில் போட்டு வாங்கிய பணத்தை இங்கே யாரிடம் கேட்பீர்கள்? திருச்சி வீடுவரைக்கும் ஒரே ஒப்பந்தம், அதுவும் சிங்கப்பூர் நிறுவனத்தோடு, என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம்.

காப்புறுதி எடுங்கள். “முழு இழப்புக்கு மட்டும்” என்ற மலிவுத் திட்டம் கப்பலே மூழ்கினால்தான் உதவும். கண்ணாடி உடைந்தால் உதவாது. எல்லா ஆபத்துக்கும் சேர்ந்த திட்டம் வேண்டும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்தவற்றுக்குக் காப்புறுதி நிறுவனம் பொதுவாகப் பணம் தராது. துணியையும் புத்தகத்தையும் நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள், பீங்கானையும் படங்களையும் அவர்கள் கட்டட்டும். சாமான் பட்டியலில் “சமையலறைப் பொருட்கள்” என்று ஒற்றை வரி போடாமல் ஒவ்வொன்றுக்கும் பழைய பொருளுக்கான நியாயமான மதிப்பு எழுதுங்கள். காப்புறுதிக்கும் சுங்கத்துக்கும் அதே பட்டியல்தான் போகும், ஆகவே ஒன்றுக்குக் கூட்டியும் மற்றதுக்குக் குறைத்தும் எழுத நினைக்காதீர்கள். நகை, கல்விச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், மடிக்கணினி எதுவும் கொள்கலனில் போகக் கூடாது.

ஏற்றும் நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிறு மாலை சிராங்கூன் சாலைப் பக்கம் லாரி நிறுத்த இடம் தேடுவது வீண் வேலை. செவ்வாய், புதன் காலை நல்லது. மே மாதம் என்பதால் தைப்பூச ஊர்வலத் தடையோ தீபாவளிச் சந்தை நெரிசலோ உங்களுக்கு இல்லை. மின்தூக்கிக்குள் அலமாரி நுழையுமா என்று அளந்து வையுங்கள். வேண்டாத பழைய கட்டில், மெத்தையை நகர மன்றத்திடம் சொன்னால் வந்து எடுத்துப்போவார்கள், பெரும்பாலும் இலவசமாக. தாழ்வாரத்தில் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சாமான்களுக்கு வருகிறேன். டிவியை இங்கேயே விற்றுவிடுங்கள். முஸ்தஃபா கடையில் பெரிய டிவி வாங்கி விமானத்தில் ஏற்றிப்போவது ஒரு காலத்தில் லாபமாக இருந்தது. 2013 ஆகஸ்டில் தட்டைத்திரை டிவியை இந்திய அரசு வரியில்லாச் சலுகையிலிருந்து எடுத்தது, 2016 விதிகளிலும் அது திரும்ப வரவில்லை. வரி கட்டி, இடத்துக்கும் பணம் கட்டி ஒரு பழைய டிவியைக் கொண்டுபோவதைவிடத் திருச்சியில் புதிது வாங்கலாம். அந்த 2016 விதிகளில் 300 லிட்டருக்கு மேற்பட்ட குளிர்பெட்டியும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் முழு வரிவிலக்குப் பட்டியலில் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

சோபா விஷயத்தில் தயங்க வேண்டாம், விட்டுவிடுங்கள். ஒன்றரை கன மீட்டருக்கான கூலியில் திருச்சியில் நல்ல சோபாவே செய்து வாங்கலாம். கிரைண்டரைக் கொண்டுபோங்கள். இரு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான்; சிங்கப்பூரின் சதுரக் கால் பிளக்கை வெட்டி இந்திய உருண்டைக் கால் பிளக் மாட்டினால் முடிந்தது. கல்லைத் தனியாகக் கழற்றிக் கட்டச் சொல்லுங்கள், குழவி ஆடி டிரம்மை உடைத்துவிடும். பூஜை அலமாரி தேக்கு என்றால் கட்டாயம் போகட்டும், ஆனால் மரச்சட்டம் போட்டுக் கட்டினால் அந்தச் சட்ட மரத்தில் கோதுமைக் கதிர் படம் போட்ட ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சி நீக்கம் செய்த மரம் என்பதற்கு அது அடையாளம், இல்லாவிட்டால் சென்னையில் தடுப்பார்கள். விளக்கையும் விக்கிரகத்தையும் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்துக் காயவைத்து அனுப்புங்கள். தாழ்வாரத்துக் கறிவேப்பிலைத் தொட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கேஸ் அடுப்பு வேண்டாம். உங்கள் வீட்டுக்குக் குழாயில் வருவது நகர எரிவாயு. ஊரில் சிலிண்டரில் வருவது எல்பிஜி. இரண்டுக்கும் அழுத்தமும் பர்னர் துளை அளவும் வேறு. நகர எரிவாயு அடுப்பை அப்படியே சிலிண்டரில் மாட்டினால் தீ கட்டுக்கடங்காது எழும்பும். மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் நம்பிக் கொண்டுபோகாதீர்கள், அடுத்து குடிவருபவருக்கு நல்ல விலைக்குக் கொடுத்துவிடுங்கள்.